நல்லவனாயிருப்பதும் நன்றாயிருப்பதும்

காலில் விழுந்து எழுகிறவனிடம் பெரியவர்கள் 'நல்லாயிரு' என்கிறார்கள். இந்த வார்த்தைக்குள் ஒழுக்கம் பற்றிய உபதேசம் எதுவும் இல்லை. நோய்நொடியில்லாமல், கையில் காசோடு, பிள்ளைகுட்டிகளோடு இரு என்பதுதான் அர்த்தம். 'நல்லவனாயிரு' என்று யாரும் ஆசீர்வதிப்பதில்லை. அது கண்டிக்கும்போது சொல்லப்படுவது. ஒரே அடியிலிருந்து கிளம்பிய இரண்டு சொற்களில் ஒன்று வரமாகவும் மற்றது எச்சரிக்கையாகவும் ஆகிவிட்டிருக்கிறது. கிரேக்கர்களின் மொழியில் இந்தப் பிளவு இவ்வளவு துலக்கமாக இல்லை. 'யூ ப்ராட்டெய்ன்' என்ற அவர்களுடைய தொடர் நன்றாகச் செய்வதையும் குறிக்கும், நன்றாக இருப்பதையும் குறிக்கும். ப்ளேட்டோவின் 'குடியரசு' முடிவதே இந்தச் சொல்லில்தான். 'கோர்ஜியாஸ்' உரையாடலில், நன்றாகச் செய்கிறவன் நன்றாக இருப்பான் என்று ஸாக்ரடீஸ் வாதத்தை நகர்த்துமிடத்தில் இச்சொல்லின் இரட்டை முகமே பாதி வேலையை முடித்துக்கொடுத்துவிடுகிறது. சாமர்த்தியம்தான். ஆனால் மொழி இனாமாகக் கொடுத்ததைத் தர்க்கம் சம்பாதித்ததாக வரவு வைக்க முடியாது.

நல்லவன் சுகப்படுவானா என்ற கேள்விக்கு நம்மிடம் இரண்டு தயார் பதில்கள் இருக்கின்றன. ஒன்று சினிமாவுடையது: கடைசி ரீலில் எல்லாம் சரியாகிவிடும். மற்றது டீக்கடையுடையது: நல்லவனுக்கு ஏது காலம். முதலாவதை அசட்டுத்தனம் என்றும் இரண்டாவதை அனுபவஞானம் என்றும் எடுத்துக்கொள்வது படித்தவர்களின் வழக்கம். எனக்கென்னவோ இரண்டும் ஒரே இடத்திலிருந்து பேசுவதாகத்தான் படுகிறது. அறம் ஒரு முதலீடு என்பதில் இரண்டு பேருக்கும் சம்மதம். வட்டி வருகிறதா, முதலே முங்கிவிடுகிறதா என்பதில்தான் அபிப்பிராய பேதம். வங்கியில் உட்கார்ந்து ஜீவனம் செய்கிறவன் என்பதால் இந்த மாதிரிப் பேச்சுக்கு என் காது சட்டென்று திரும்பிவிடுகிறது.

வட்டிப் பேச்சை முதலில் கறாராக மேஜைமேல் வைத்தவன் க்ளாக்கோன். ப்ளேட்டோவின் சொந்த அண்ணன். 'குடியரசு' இரண்டாம் புத்தகத்தில் அவன் சொல்லும் மோதிரக் கதை பலருக்கும் தெரிந்தது. லிடியா நாட்டில் ஒரு இடையன், பூகம்பம், பிளந்த நிலத்தடியில் ஒரு வெண்கலக் குதிரை, அதற்குள் ஒரு பிணம், பிணத்தின் விரலில் மோதிரம். மோதிரத்தின் கல்லை உள்பக்கம் திருப்பினால் போட்டிருப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். இடையன் அரண்மனைக்குப் போகிறான், அரசியை வசப்படுத்துகிறான், அரசனைக் கொல்கிறான், ராஜ்யத்தை எடுத்துக்கொள்கிறான். இப்படி ஒரு மோதிரம் கிடைத்தால் நியாயவான், அநியாயக்காரன் இருவரும் ஒரே பாதையில்தானே நடப்பார்கள் என்கிறான் க்ளாக்கோன்.

இந்த மோதிரம் எங்கள் கேஷ் கவுண்டரில் அடிக்கடி கிடைப்பதுண்டு. மாலையில் எண்ணும்போது ஐந்நூறு ரூபாய் கூடியிருக்கும். யார் அதிகமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று தெரியாது. விதி எளிமையானது: குறைந்தால் கேஷியர் தன் கையிலிருந்து கட்டவேண்டும், கூடினால் அது அவருக்கில்லை, சஸ்பென்ஸ் கணக்கில் வரவு வைக்கவேண்டும். நஷ்டம் அவருடையது, லாபம் அவருடையதல்ல. புதிதாக வேலையில் சேருகிறவர்கள் இந்த விதியைக் கேட்டதும் சிரிப்பார்கள் அல்லது கோபப்படுவார்கள். எனக்குத் தெரிந்து அறத்தின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலும் சொல்லவில்லை. இப்போது தலைக்கு மேல் கேமரா இருக்கிறது. அதனால் மோதிரம் வேலை செய்வதில்லை. கூடுதல் பணத்தை வரவு வைக்கிற கை நேர்மையின் கையா கேமராவின் கையா என்று கையின் சொந்தக்காரருக்கே இனித் தெரிய வழியில்லை. இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கணக்கு டேலியாகிறது, அது போதும்.

க்ளாக்கோன் மோதிரத்தோடு நிறுத்தவில்லை. அவன் அடுத்து வைக்கும் பரீட்சைதான் உண்மையில் கொடூரமானது. முழுமையான அயோக்கியன் ஒருவனை எடுத்துக்கொள். அவனுக்கு யோக்கியன் என்ற பெயர் முழுசாக இருக்கட்டும். முழுமையான யோக்கியன் ஒருவனை எடுத்துக்கொள். அவனுக்கு அயோக்கியன் என்ற பெயரைக் கொடு. அவனைச் சவுக்கால் அடிக்கட்டும், சித்திரவதை செய்யட்டும், கண்களைச் சுட்டுப் பொசுக்கட்டும், கடைசியில் கழுவில் ஏற்றட்டும். இப்போது சொல், யார் சந்தோஷமானவன்? கி.மு. 399இல் ஸாக்ரடீஸ் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்ட பிறகு எழுதப்பட்ட பக்கம் இது என்பதை மறந்துவிட்டுப் படித்தால் இதன் குரூரம் பாதிதான் உறைக்கும். ஆசிரியனைக் கொன்றுவிட்டார்கள், மாணவன் அதே ஆசிரியனின் வாயில் பதிலை வைத்து எழுதவேண்டியிருக்கிறது.

பதில் வந்து சேர எட்டுப் புத்தகங்கள் ஆகின்றன. நியாயம் என்பது ஆத்மாவின் ஆரோக்கியம். அறிவு ஆள, வீரியம் துணைநிற்க, ஆசைகள் கீழ்ப்படியும்போது உண்டாகும் ஒழுங்கு. அநியாயக்காரன் நோயாளி, நோயாளிக்கு ராஜ்யம் கிடைத்து என்ன பிரயோஜனம்? ஒன்பதாம் புத்தகத்தில் ஸாக்ரடீஸ் கணக்கே போட்டுவிடுகிறார்: தத்துவஞானியான அரசன் கொடுங்கோலனைவிட 729 மடங்கு சுகமாக வாழ்கிறான். மும்மூன்று ஒன்பது, ஒன்பதின் கனம் 729. ப்ளேட்டோ சிரித்துக்கொண்டே எழுதினாரா என்று அறிஞர்கள் இன்னும் தகராறு செய்கிறார்கள். எனக்கு இந்த எண் பிடித்திருக்கிறது. இவ்வளவு தீர்மானமான ஒரு தொகையை எழுதுகிறவனுக்கு உள்ளூர சந்தேகம் இருந்திருக்கவேண்டும்.

சந்தேகத்துக்கு நியாயமும் இருக்கிறது. 1963இல் டேவிட் ஸாக்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கட்டுரையில் நேராகக் கேட்டார்: க்ளாக்கோன் கேட்டது ஊரார் அர்த்தத்தில் நியாயம், அதாவது திருடாமலிருப்பது, வாக்குத் தவறாமலிருப்பது. ஸாக்ரடீஸ் நிரூபித்ததோ ஆத்மாவின் இசைவு நல்லது என்பதை. இசைவான ஆத்மா திருடாது என்று எங்கே நிரூபித்தார்? ஆசைகள் முற்றிலும் அடங்கிய, அறிவு முற்றிலும் ஆளுகிற ஒரு மனிதன் நிதானமாக, பதற்றமேயில்லாமல் ஒரு கிராமத்தையே எரிக்க உத்தரவு போடலாம். இருபதாம் நூற்றாண்டில் இதற்கு உதாரணம் தேடிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. ஃபைல்களை ஒழுங்காக வைத்துக்கொண்டவர்கள், மாலையில் இசை கேட்டவர்கள்.

அரிஸ்டாட்டிலிடம் வரும்போது ஒரு ஆறுதல். வீட்டுக்குள் வந்துவிட்ட உணர்ச்சி. வதைச் சக்கரத்தில் கட்டப்பட்டவனும் நல்லவனாக இருந்தால் சந்தோஷமானவனே என்று சொல்கிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, பிதற்றுகிறார்கள் என்று அவர் ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார். அவருடைய 'யுடைமோனியா' என்ற சொல்லைச் சந்தோஷம் என்று மொழிபெயர்ப்பது சரியில்லை. இன்பம் என்பது இன்னும் மோசம். செழித்து வாழ்தல் என்று சொல்லிப்பார்க்கலாம். அது ஒரு மனநிலை அல்ல. ஒரு முழு வாழ்நாளின் ஓட்டம். அறத்தின்படி நடக்கும் செயலே அதன் மையம். ஆனால் மையம் மட்டும் போதாது. நண்பர்கள் வேண்டும், ஓரளவு பணம் வேண்டும், பிள்ளைகள் வேண்டும், பார்க்கச் சகிக்காத முகமாக இருந்தாலும் சிரமம் என்கிறார். இந்தக் கடைசி நிபந்தனையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், ஸாக்ரடீஸின் சப்பை மூக்கு ஞாபகத்துக்கு வந்து.

பிறகு அவர் ப்ரியாமை எடுத்துக்கொள்கிறார். ட்ராய் நகரத்துக் கிழட்டு அரசன், நன்றாக வாழ்ந்தவன், கடைசிக் காலத்தில் பிள்ளைகளையும் ஊரையும் இழந்தவன். ப்ரியாம் நல்லவன்தான் என்பதால் அவனைக் கேவலமான நிலைக்குப் போய்விட்டவன் என்று சொல்லமுடியாது. அதே சமயம் பாக்கியவான் என்றும் சொல்லமுடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு இடம், அதற்குப் பெயர் வைக்காமல் விட்டுவிடுகிறார். அலெக்ஸாண்டர் இறந்தபின் ஏதென்ஸிலிருந்து வெளியேறி கி.மு. 322இல் கால்கிஸில் இறந்துபோன இந்த மனிதர், தத்துவத்தின் சௌகரியத்துக்காக உலகத்தைத் திருத்தி எழுதாமல் விட்டாரே, அது பெரிய விஷயம். ஆனால் ஒரு கஷ்டம் இருக்கிறது. செழித்து வாழ்வதற்கு அதிர்ஷ்டமும் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அறம் அதிர்ஷ்டத்தைக் கெடுக்கும் சந்தர்ப்பத்தில் நான் ஏன் அறத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும் என்ற கேள்வி கதவைத் தட்டுகிறது. நல்லவன் அப்படிக் கேட்கமாட்டான் என்பதுதான் அரிஸ்டாட்டிலின் பதில். நன்றாக வளர்க்கப்பட்டவர்களுக்கு மட்டுமே தன் வகுப்பில் இடம் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறார். க்ளாக்கோனை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்துவிட்டுப் பாடம் நடத்துவது போல இது.

ஸ்டோயிக்குகள் சக்கரத்திலும் சந்தோஷம் உண்டு என்று சாதித்தார்கள். அறம் ஒன்றே நன்மை; ஆரோக்கியம், பணம், உயிர் எல்லாம் பொருட்டல்ல. ஆனால் பொருட்டல்லாதவற்றிலும் விரும்பத்தக்கவை, தவிர்க்கத்தக்கவை என்று பிரித்துக்கொண்டார்கள். முன்வாசல் வழியாகத் துரத்தியதைக் கொல்லைப்புற வழியாகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அஸ்கலோன் ஊர் அந்தியோக்கஸ் இன்னும் ஒரு படி இறங்கி, அறம் மட்டுமே இன்ப வாழ்வுக்குப் போதும், ஆனால் மிக மிக இன்பமான வாழ்வுக்குப் போதாது என்றார். ஸிஸரோ இந்தச் சமரசங்களோடு மல்லுக்கட்டிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். சாதாரண கணக்கு, சிறப்புக் கணக்கு என்று வகைப்பிரிக்கும் சுற்றறிக்கைகளைப் படித்துப் பழகியவனுக்குக்கூட இதில் அலுப்புத் தட்டுகிறது. எபிக்டெடஸ் மட்டும் விதிவிலக்கு. அடிமையாக இருந்தவர், கால் ஊனமானவர் என்பதால் அவர் சொல்வதை நிறுத்திக் கேட்கவேண்டியிருக்கிறது. வாதத்துக்காக அல்ல, ஆளுக்காக.

கான்ட் இந்தப் பேரங்களையெல்லாம் கலைத்தார். எபிக்யூரியன், ஸ்டோயிக் இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள் என்று 1788இல் எழுதினார். ஒருவருக்கு இன்பத்துக்கு வழி தேடுவதே அறம். மற்றவருக்குத் தன் அறத்தை உணர்ந்திருப்பதே இன்பம். இரண்டு பேருமே இரண்டு வேறு பொருள்களை ஒன்று என்று சொல்லிப் பிரச்னையைக் கரைத்துவிடுகிறார்கள். அறம் வேறு, இன்பம் வேறு, எண்ணெயும் தண்ணீரும். மூன்று வருஷம் முன்னால் எழுதிய சிறு நூலில் அவர் ஒரு மளிகைக்காரனைப் பற்றிச் சொல்கிறார்: குழந்தை வந்து கேட்டாலும் ஒரே விலைதான் சொல்வான். நேர்மைதான், ஆனால் வியாபாரத்துக்கு நல்லது என்பதால் நேர்மை. அந்தச் செயலுக்குத் தார்மீக மதிப்பு இல்லை. எங்கள் கிளையின் சுவரில் 'நேர்மையே சிறந்த வழி' என்று ஒரு வாசகம் தொங்குகிறது. கான்ட் பார்த்தால், 'வழி' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வார். எங்கே போவதற்கு வழி?

இவ்வளவு தூரம் வந்தவர் கடைசியில் தயங்கிவிட்டார். அறமும் அதற்கேற்ற இன்பமும் சேர்ந்ததுதான் பூரண நன்மை, அதைத் தேடுவது கடமை, இந்த உலகத்தில் அது கூடிவராது, ஆகவே கடவுளும் ஆத்மாவின் அழிவின்மையும் இருந்தே தீரவேண்டும் என்று அனுமானித்தார். கிழ வேலைக்காரன் லாம்பேக்கு ஒரு கடவுள் வேண்டியிருந்ததால் கான்ட் கொன்ற கடவுளை உயிர்ப்பித்துக் கொடுத்தார் என்று ஹைனே கேலி செய்தார். கேலி சரிதான். ஆனால் 1790இல் வெளிவந்த மூன்றாவது விமர்சன நூலில் கான்ட் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார், அந்தப் பக்கத்தை ஹைனே போல சிரித்துத் தாண்டிவிட முடியாது. கடவுள் இல்லை என்று உறுதியாக நம்பும் ஒரு நேர்மையாளனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், ஸ்பினோஸா மாதிரி, என்கிறார். அவன் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. சுற்றிலும் வஞ்சனை, வன்முறை, பொறாமை. அவன் சந்திக்கும் மற்ற நல்லவர்கள் வறுமையாலும் நோயாலும் மற்ற மிருகங்களைப் போலவே அகாலத்தில் சாகிறார்கள். கடைசியில் அகன்ற ஒரு குழி யோக்கியனையும் அயோக்கியனையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. இதைப் பார்த்தபின் அவன் தன் லட்சியத்தைக் கைவிடவேண்டும், இல்லையேல் கடவுளை ஒப்புக்கொள்ளவேண்டும். குழியை இவ்வளவு நேராகப் பார்த்த பிறகு கடவுளைக் கூப்பிட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் நிஜ ஸ்பினோஸா இரண்டில் எதையும் செய்யவில்லையே. 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரை விலக்கிவைத்தபோது வயது 23. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துக் காலம் தள்ளினார். 1673இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் கூப்பிட்டபோது போகவில்லை. 1677இல் 44 வயதில் நெஞ்சு நோயில் செத்தார். அவருடைய 'எதிக்ஸ்' அந்த வருஷம்தான் அச்சானது. பேரின்பம் அறத்துக்குக் கிடைக்கும் பரிசு என்பதை மறுத்து, இரண்டும் ஒன்றே என்று அந்நூலின் கடைசிப் பகுதியில் வாதிடுகிறார். ஸ்டோயிக் சொன்னதுதான் இது என்று கான்ட் தள்ளிவிடலாம். ஆனாலும் கான்ட் தன் உதாரணத்துக்கு ஆள் தேடியபோது, அந்த உதாரணத்துக்கு அடங்காத ஒரு ஆளின் பெயரை எழுதிவிட்டார்.

இந்த இடத்தில் புறநானூற்றின் இரண்டு பாட்டுக்கள் நினைவில் வருகின்றன. இன்று செய்தது மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் பார்த்து அறத்தை விலைக்கு விற்கும் வியாபாரி அல்ல ஆய் என்கிறார் முடமோசியார். கொடை பற்றிய பாட்டு. ஆனால் கான்ட்டின் மளிகைக்காரன் இங்கே அவருக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்னாலேயே வந்துபோயிருக்கிறான். மற்றது கோப்பெருஞ்சோழன் பாடியது. நல்வினை செய்வோமா வேண்டாமா என்று தயங்குகிறவர்களைப் பார்த்துச் சொல்வது: பெரிய வேட்டைக்குப் போ. பலன் உண்டென்றால் மேலுலக இன்பம் கிடைக்கலாம். அது இல்லையென்றால் பிறவாமை கிடைக்கலாம். அதுவும் இல்லையென்றாலும் புகழை நட்டுவிட்டுக் குற்றமற்ற உடம்போடு சாவது மேலானது. அவன் படிப்படியாக எல்லா உத்தரவாதங்களையும் கழற்றிவிடுவதைக் கவனிக்கவேண்டும். கடைசிப் படியில் புகழ் ஒன்றை மட்டும் அவனால் விடமுடியவில்லை. பெற்ற பிள்ளைகளோடு போருக்கு நின்று, பிறகு வடக்கிருந்து உயிர்விட்டவன் அதையும் விடவேண்டும் என்று கேட்பது அதிகம்தான். ஆனால் க்ளாக்கோனின் பரீட்சை அதையும் கேட்கிறது. கெட்ட பெயரோடு சாகத் தயாரா?

நம் காலத்தில் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடாமல் போராடியவர் ஃபிலிப்பா ஃபுட். 1945இல் வதைமுகாம்களின் படங்களைப் பார்த்ததுதான் தன்னை அறவியலுக்குத் தள்ளியது என்று பின்னாளில் சொன்னவர். 1958இல் ஒரு கட்டுரையில், கையும் கண்ணும் எந்த மனிதனுக்கும் தேவைப்படுவது போல நியாயமும் தேவை, ஏமாற்றிப் பிழைப்பவன் வாழ்நாள் முழுக்க ஜாக்கிரதையாக இருக்கவேண்டும், அது லாபமான வாழ்க்கை அல்ல என்றார். 1972இல் அது போதாது என்று தானே விட்டுவிட்டார். அறம் யாரையும் கட்டாயப்படுத்தாது, லெனின்கிராட் முற்றுகையில் நின்றவர்களைப் போல நாம் அறத்தின் பட்டாளத்தில் விருப்பத்தோடு சேர்ந்த தொண்டர்கள் என்றார். 2001இல், எண்பது வயதில், வெளியிட்ட சிறு புத்தகத்தில் அதையும் விட்டுவிட்டு வேறொரு இடத்துக்கு வந்தார். ஒரே கேள்விக்கு 43 வருஷத்தில் மூன்று பதில். நம் விமர்சகர்கள் இருபது வயதில் எடுத்த கட்சியை அறுபதிலும் காப்பாற்றுவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நான் ஃபுட்டின் பக்கம்.

அந்தக் கடைசிப் புத்தகத்தில் அவர் நாஜிகளை எதிர்த்து மரண தண்டனை பெற்றவர்கள் சிறையிலிருந்து எழுதிய கடைசிக் கடிதங்களை எடுத்துக்கொள்கிறார். ஒருவன் ஸூடட்டன்லாந்தைச் சேர்ந்த விவசாயிப் பையன், 1944இல் எஸ்.எஸ். படையில் சேர மறுத்ததற்காகக் கொல்லப்பட்டவன். இவர்கள் தங்கள் சந்தோஷத்தைத் தியாகம் செய்தார்களா? ஆம் என்று சொல்லத் தோன்றுகிறது. மனைவி, குழந்தை, நிலம், எல்லாவற்றின்மேலும் அவர்களுக்கு ஆசை இருந்தது. ஆனால் இன்னொரு விதத்தில் பார்த்தால், அந்தக் காலத்தில் அந்தச் சந்தோஷம் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய பொருளாகவே இல்லை என்கிறார் ஃபுட். படையில் சேர்ந்து உயிரோடு திரும்பி அதே மனைவி குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்திருந்தால், அது அவர்கள் ஆசைப்பட்ட வீடாக இருந்திருக்காது. இது அறம் இன்பத்தைக் கொடுக்கும் என்ற வாதம் அல்ல. அறம் சில இன்பங்களை இன்பமில்லாமல் ஆக்கிவிடும் என்பது. வட்டிப் பேச்சிலிருந்து முதல்முறையாக உண்மையில் வெளியே வந்த வாதம் இதுவென்றே நினைக்கிறேன். ரோஸலிண்ட் ஹர்ஸ்ட்ஹவுஸ் 1999இல் எழுதிய நூலில், அறம் டாக்டர் சொல்லும் பத்தியம் மாதிரி, உத்தரவாதம் இல்லை, ஆனாலும் இருப்பதற்குள் நல்ல வாய்ப்பு அதுதான் என்கிறார். அதைப் படிக்கும்போது எதிரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது.

ஃபுட்டின் வாதத்துக்கு மறுபக்கமும் வேண்டும். அவுஷ்விட்ஸ் டாக்டர் மெங்கலே 1979இல் ப்ரஸீல் கடற்கரையில் நீந்திக்கொண்டிருந்தபோது இறந்தான், எந்தக் கோர்ட்டிலும் நிற்காமல். அவன் நோயுற்ற ஆத்மா என்று ப்ளேட்டோ சொல்வார். இருக்கலாம். அந்த நோய் அவனுக்கு வலித்ததா என்பதுதான் கேள்வி. வலிக்கவில்லையென்றால் அவன் நன்றாக இருந்தான் என்று சொல்லிவிடுவோமா? என் நாக்கு வரவில்லை. ஃபுட்டுக்கும் வரவில்லை, இப்படிப்பட்டவன் தன் காரியத்தைத் தொடர ஒருவன் உதவினால் அது அவனுக்குச் செய்த நன்மையாகுமா என்று கேட்கிறார். ஆகாது என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆகவே 'நன்றாயிருப்பது' என்பதற்குள் 'நல்லவனாயிருப்பது' எங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறது, 'நல்லாயிரு' என்று வாழ்த்தும் பாட்டிக்கே தெரியாமல். முதல் பத்தியில் ப்ளேட்டோவிடம் நான் தகராறு செய்த இடம் இது. அவர் நினைத்ததைவிடச் சின்ன அளவில், ஆனால் ஏதோ அளவில், மொழி பொய் சொல்லவில்லை.

ஆனால் இத்தனை பேரும், க்ளாக்கோனிலிருந்து ஃபுட் வரை, ஒருவனுடைய அறத்தையும் அதே ஒருவனுடைய இன்பத்தையும்தான் தராசில் வைக்கிறார்கள். தட்டு இரண்டு, ஆள் ஒன்று. என்னுடைய சங்கடம் இங்கேதான்.

ஃப்ரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் ஆஸ்திரியாவில் ஸாங்க்ட் ராடெகுண்ட் என்ற கிராமத்து விவசாயி. 1938இல் ஹிட்லரின் இணைப்பை எதிர்த்து அந்த ஊரிலேயே ஓட்டுப் போட்ட ஒரே ஆள். 1943 மார்ச்சில் ராணுவத்துக்குக் கூப்பிட்டபோது ஹிட்லருக்காகச் சண்டை போடமாட்டேன் என்றார். லின்ஸ் நகரத்துப் பிஷப்பைப் போய்ப் பார்த்தபோது அவர் சொன்ன புத்தி, குடும்பத்தை நினைத்துக்கொள் என்பது. அவருக்கு மனைவி ஃப்ரான்ஸிஸ்காவும் மூன்று சிறு பெண்குழந்தைகளும். அந்த வருஷம் ஆகஸ்ட் 9ஆம் தேதி ப்ராண்டன்பர்க் சிறையில் தலையை வெட்டினார்கள். வயது 36. கத்தோலிக்கர், மறுமையை நம்பியவர். ஆகவே மோசியார் சொன்ன வியாபாரிதானே என்று ஒருவர் கேட்கலாம். கடிதங்களையும் குறிப்புகளையும் படித்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. நம்புகிறவன் எல்லோருக்கும் அதே சொர்க்கம் இருந்தது, பிஷப்புக்கும்.

க்ளாக்கோனின் பரீட்சையில் இவர் தேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கெட்ட பெயரோடுதான் செத்தார். சகமனிதர்களைப் போரில் விட்டுவிட்டு விலகியவன், பெண்டாட்டி பிள்ளைகளைக் கைவிட்டவன் என்று ஊர் பேசியது. ஆனால் அந்தப் பெயர் அவரோடு போகவில்லை. ஃப்ரான்ஸிஸ்காவோடு அந்த ஊரில் தங்கியது. போர் முடிந்த பிறகும் மற்ற போர் விதவைகளுக்குக் கிடைத்த உதவித்தொகை அவருக்கு 1950வரை மறுக்கப்பட்டது. உழுதது, அறுத்தது, மூன்று பெண்களை வளர்த்தது எல்லாம் அந்தப் பெயரோடுதான். கேஷ் கவுண்டர் விதி இங்கே இன்னும் மோசமாக வேலை செய்கிறது. குறைந்ததைக் கட்டவேண்டியது எண்ணியவர்கூட அல்ல.

நம் சிறிய வட்டத்திலும் இது தெரியாத விஷயமல்ல. பாரதி கடன் வாங்கிய அரிசியைக் குருவிகளுக்கு இறைத்து ஆனந்தப்பட்ட கதையை எத்தனை தடவை எழுதியிருப்போம். கடன் வாங்கிக்கொண்டு வந்தவர் செல்லம்மா. எனக்குத் தெரிந்த அதிகாரி ஒருவர் - வேறொரு வங்கி - பொய்யான ஈடு என்று தெரிந்த ஒரு கடன் மனுவில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். மூன்று வருஷத்தில் நான்கு ஊர் மாற்றினார்கள். பிளஸ் டூ படிக்கிற பெண் நடுவில் பள்ளி மாறினாள். அவரைப் பார்த்தபோது முகத்தில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அரிஸ்டாட்டில் பெயர் வைக்காமல் விட்ட அந்த நடு இடத்தில் இருந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "மனசாட்சி அவருக்கு. மூட்டை கட்டுறது எங்களுக்கு, தம்பி." கோபமாகச் சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும் என்றும் சொல்லவில்லை. அதைக் கேட்டேன். "அதெப்படிப் போட முடியும்?" என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படிக்கும் வழி ஃபுட்டிடம் பாதிதான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கிய அமைதி அந்த வீட்டில் அமைதியாக இருந்திருக்காது என்பது சரி. அந்த அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கிறது. ஆகவே அவரும் அந்த அறத்தில் பங்காளி. ஆனால் மூட்டை கட்டியதற்குக் கணக்கு எங்கே? இழந்ததை இழப்பில்லை என்று சொல்லிவிட்டால் அது ஸ்டோயிக் தந்திரம். இன்னொருத்தியின் பேரில் செய்யப்பட்ட ஸ்டோயிக் தந்திரம். தன் கண்ணைச் சுடுவதைப் பொருட்டில்லை என்று ஒருவன் சொல்லலாம். வேறொருத்தியின் கை காய்த்துப்போனதைப் பொருட்டில்லை என்று சொல்ல அவனுக்கு என்ன அதிகாரம்? பிஷப் சொன்ன புத்தி கோழைத்தனமானது என்று நினைக்கிறேன், ஆனால் அவர் கேட்ட கேள்வி கோழைத்தனமானதல்ல. யேகர்ஷ்டெட்டருக்கும் அந்தக் கேள்வி இருந்தது. 1943 ஜூலையில் ஃப்ரான்ஸிஸ்காவை பெர்லினுக்கு வரவழைத்து அவர் கண்ணெதிரில் மனதை மாற்றிக்கொள்ளும்படி செய்யப் பார்த்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஃப்ரான்ஸிஸ்காவும், முதலில் வேறு வழி தேடும்படி கேட்டவர், அதன்பின் அவரை எதிர்த்துப் பேசவில்லை. வேறு யாரும் அவர் பக்கம் இல்லாதபோது தானும் விலகமுடியாது என்று முடிவு செய்திருந்தார்.

2007இல் லின்ஸ் நகரத்தில் யேகர்ஷ்டெட்டரை அருளாளராக அறிவித்தபோது ஃப்ரான்ஸிஸ்கா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார், வயது 94. 2013 மார்ச்சில் இறந்தார், நூறு முடிந்து சில நாட்களில். கணவர் போன பிறகு எழுபது வருஷம் ஆகிறது. அறவியல் நூல்கள் அந்த எழுபது வருஷத்தை எந்தத் தலைப்பில் எழுதும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.